அடியெடுத்துக் கொடுத்தவர்கள்

மழை வந்தால் கவிதை வரும் என்று சொல்கிற கவிஞர்கள் கோலாலம்பூரில் நிறையப் பேர். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்குப் பஞ்சமும் கிடையாது. பிற்பகலில் வானம் கறுத்து, பூச்சோங்கின் அடுக்குமாடிகளுக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நிற்கும். யாரோ ஒருவர் கைப்பேசியை எடுத்து நான்கு வரி எழுதிவிடுவார். அந்த நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் ரப்பர் மரங்கள். காசல்பீல்டு, கின்ராரா என்று இன்று தமிழ்ப்பள்ளிகளுக்குப் பெயராக மிஞ்சியிருப்பவை அந்தக் காலத்துத் தோட்டங்களின் பெயர்கள். அங்கே விடிகாலையில் மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை.

பால்மரம் வெட்டுகிறவர் உளியால் பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாக எடுப்பார். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. பால் அந்தக் கீறலின் வழியே இறங்கி, கீழே கட்டியிருக்கும் மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும். விடிவதற்கு முன்பே வெட்டத் தொடங்குவார்கள். குளிர்ந்த வேளையில்தான் மரத்துக்குள் அழுத்தம் நிறைந்திருந்து பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் அடங்கிவிடும். பட்டை நனைந்திருந்தாலோ, பால் கீறலை விட்டு விலகி மரமெங்கும் வழியும். மங்கில் மழைத்தண்ணீர்தான் சேரும். ஆகவே இருட்டில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் பேர் கொடுக்க வந்து நின்றவர்கள் முதலில் வானத்தைப் பார்த்தார்கள். கார்காலத்தின் வருகைக்காகக் காத்திருந்த சங்க காலத் தலைவியும் வானத்தைத்தான் பார்த்தாள். இரண்டு பார்வைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் மலாயாத் தமிழ்ப் பாட்டு பிறந்தது.

கவிஞனுக்குப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது எல்லா நாட்டிலும் கேட்கப்பட்ட கேள்வி. கிரேக்கர்கள் ஒன்பது தேவியரைச் சொன்னார்கள். ஹெலிகான் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஹெசியட்டுக்கு அவர்களே வந்து பாட்டு கற்றுக்கொடுத்ததாக அவரே பாடி வைத்திருக்கிறார். அந்த ஒன்பது பேருக்கும் தாய் யார் என்பது ஐரோப்பாவின் பிற்காலக் கவிஞர்கள் பலர் மறந்துபோன செய்தி. அவள் பெயர் நெமொசினி, நினைவுக்குத் தெய்வம். எழுத்து பரவலாகாத காலத்தில் பாட்டுக்காரனுக்கு முதல் தேவை நினைவுதானே. பிற்பாடு அந்தத் தேவியரின் இடத்தில் ஒரு அழகான பெண்ணை நிறுத்தி, அவளைப் பார்த்து ஆண்கள் பாடுவது வழக்கமாகிவிட்டது. இத்தாலியக் கவிஞர் தாந்தேவுக்கு பியாத்ரிச்சே. 1290-இல் அவள் இறந்துபோனாள், அவளைப் பற்றிய கவிதை வளர்ந்துகொண்டே போனது. அவள் தரப்பில் ஒரு சொல்லும் நமக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் கதை வேறு. இங்கே தெய்வம் அடியெடுத்துக் கொடுக்கும். சேக்கிழாருக்குத் தில்லைக் கூத்தன், கச்சியப்பருக்குக் காஞ்சிக் குமரகோட்டத்து முருகன், அருணகிரிக்கு அண்ணாமலையில் அதே முருகன். எல்லாக் கதையிலும் கவனிக்க வேண்டியது ஒன்று: தெய்வம் கொடுப்பது முதல் சொல்லை மட்டும். மிச்சம் முழுவதும் கவிஞன் பாடு. பெரியபுராணத்தின் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டையும் சேக்கிழார்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

இவற்றுள் சுந்தரர் கதைக்கு ஈடு இல்லை. மணக்கோலத்தில் இருந்தவரை ஒரு கிழவர் வந்து தடுக்கிறார். நீ எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரருக்குக் கோபம் வருகிறது. கிழவரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போய், ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. பிறகு வந்தவர் யாரென்று தெரிந்து, எப்படிப் பாடுவேன் என்று சுந்தரர் திகைக்கும்போது, நீ என்னை ஏசினாயே, அந்த வசவையே முதல் சொல்லாக வைத்துப் பாடு என்கிறார் இறைவன். சண்டையில் தன் வாயிலிருந்து விழுந்த தெருச்சொல்லே பதிகத்தின் தொடக்கமாகத் திரும்பி வருகிறது. கவிதை ஊற்றைப் பற்றி உலகத்தில் சொல்லப்பட்ட கதைகளில் இதைவிட உண்மையானது இருக்குமா என்பது சந்தேகம். மேலேயிருந்து ஒன்றும் இறங்கி வரவில்லை. அவருடைய பேச்சே அவருக்குக் கேட்கும்படி செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

தெய்வம் மட்டுமல்ல, மனிதர்களும் அடியெடுத்துக் கொடுத்தார்கள். தனக்குச் சோறிட்ட சடையப்ப வள்ளலைக் கம்பன் ஆயிரம் பாட்டுக்கு ஒருமுறை காவியத்துக்குள் நினைத்துக்கொண்டான் என்று மரபு சொல்லும். பாரதிக்கு வந்தவன் கண்ணன். 1917-இல் முதலில் அச்சான ‘கண்ணன் பாட்டு’ இருபத்து மூன்று பாடல்கள் கொண்ட சிறிய புத்தகம். அதற்குள் கண்ணன் தாயாகிறான், தந்தையாகிறான், சேவகனாகிறான், சீடனாகிறான், விளையாட்டுப் பிள்ளையாகிறான். கண்ணம்மாவாக மாறிக் குழந்தையும் காதலியும் ஆகிறான். பியாத்ரிச்சே ஒரே இடத்தில் நின்றவள். கண்ணனோ வேலைக்காரனாக வந்து கணக்குப் பார்க்கக்கூடத் தயார். ஊக்கம் தருகிறவரோடு கவிஞனுக்கு இத்தனை உறவு சாத்தியம் என்று காட்டியது தமிழின் சொந்தச் சாதனை.

அதே பாரதிக்கு, கண்ணால் காணாத பெண்களும் அடியெடுத்துக் கொடுத்தார்கள். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் 1879 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டார்கள். தென்னிந்தியர்கள் 1903-க்குப் பிறகு போனார்கள். பாரதி ஃபிஜிக்குப் போனதில்லை. செய்தித்தாளில் படித்ததும் காதில் விழுந்ததும்தான். அந்தத் தோட்டங்களின் பெண்கள் படும் பாட்டை அவர் பாடியது அவருடைய பாடல்களிலேயே தாங்க முடியாத ஒன்று. அதில் அழகு வர்ணனை கிடையாது, பக்தி கிடையாது. தூரத்தில் யாரோ அழுகிறார்கள், அது கேட்டுவிட்டது, கேட்டவன் சும்மா இருக்க முடியவில்லை. மலாயாவின் கவிஞர்களுக்கு பாரதியிடமிருந்து வந்து சேர்ந்த சொத்துகளில் மிகப் பெரியது இந்தப் பாட்டு என்று சொல்லலாம்; அவர்களுடைய தோட்டத்துக்கும் அது பொருந்தியது.

மலாயா, சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதையின் வரலாற்றை வழக்கமாக 1887-லிருந்து தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர் சிங்கப்பூரில் அந்தாதியும் ஊஞ்சலும் சித்திரகவியும் அச்சிட்ட ஆண்டு அது. கடல் கடந்து வந்த பண்டிதருக்கு அடியெடுத்துக் கொடுக்க முருகனும் கூடவே வந்திருந்தான். யாப்பு பிசகாத பாட்டு. கிள்ளானில் வாழ்ந்த கவிஞர் முரசு நெடுமாறன் 1997-இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ வெளியிட்டபோது, 1887 தொடங்கி 1987 வரை நூறாண்டுக் கவிதைகளை ஒரே தொகுதியில் திரட்டினார். பழைய நாளிதழ்கள், மலர்கள், கைப்பிரதிகள் என்று தனி மனிதராக அலைந்து சேர்த்த உழைப்பு அது. ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டிய வேலை. அவர் பிறந்தது கேரித் தீவில், தோட்டங்களால் ஆன தீவு. தோட்டத்தில் பிறந்த ஒருவர் நூறாண்டுக் கவிதையைக் காக்க முன்வந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

1887-இல் பண்டிதர் அந்தாதி அச்சிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அச்சுக்கு வராத இன்னொரு கவிதை மலாயாக் காட்டுக்குள் கேட்கத் தொடங்கியிருந்தது. கரும்பும் காப்பியும் முதலில், பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் என்று வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியவர்கள் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். நடவுப் பாட்டுக்கு இங்கே வயல் இல்லை. ஏற்றப் பாட்டுக்குக் கிணறு இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் மட்டும் அப்படியே உயிரோடிருந்தன, ஏனென்றால் பிறப்பும் சாவும் திருவிழாவும் எங்கும் உண்டு. அவற்றுக்குள் புதிய பொருள் புகுந்தது: ஆள் சேர்த்த கங்காணி சொன்ன ஆசை வார்த்தை, கப்பல், கொசு, மரவரிசையான நிரை, துரை, கணக்கெழுதும் கிராணி, ரப்பர்த் தோட்டமான கித்தாக்காடு.

இந்தப் பாட்டுகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெயர் இல்லாதவர்கள்.

ஒரு தாலாட்டை எடுத்துக்கொண்டால், ஊர்நாட்டில் அது உறவுகளை வரிசையாக அழைக்கும் பாட்டு. மாமனும் அத்தையும் பாட்டியும் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுவார்கள். பெரும்பாலும் அவர்கள் அடுத்த தெருவில்தான் இருப்பார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தொட்டிலாட்டியவள் அதே வரிசையைப் பாடும்போது, கூப்பிடப்பட்டவர்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திய பிறகு அந்தத் தூரம் இன்னும் கூடியது. பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் உறவுப்பெயர்கள் வருகிற இடமெல்லாம் இழப்பின் பட்டியலாகிவிட்டது. நெமொசினியை அறியாத ஒருத்தி அந்தத் தெய்வத்தின் வேலையை லயத்து வாசலில் செய்துகொண்டிருந்தாள். அவளைப் பிற்காலக் கவிஞர்கள் தங்கள் ஊற்றாகப் பாடினார்கள். நியாயம்தான். ஆனால் அவளே முதலில் கவிஞர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒப்பாரிக்கு வந்த சோதனை இன்னும் கொடியது. 1942 ஜூனில் ஜப்பானியர்கள் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதையைத் தொடங்கினார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. ஒப்பாரி பாட முன்னால் பிணம் கிடக்க வேண்டும், சுற்றிப் பெண்கள் உட்கார வேண்டும், செத்த நாள் தெரிய வேண்டும். இந்தக் குடும்பங்கள் பலவற்றுக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. யாரும் வந்து செய்தி சொல்லவில்லை, போனவர் வரவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் எழுதப்படுவதற்கு முன்பு அந்தத் துயரம் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் தங்கியிருந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ரஷ்யாவில் கவிஞர் அன்னா அக்மதோவாவுக்கு நடந்தது இதற்கு உறவான கதை. மகன் சிறையில் இருந்தபோது பதினேழு மாதம் லெனின்கிராடின் சிறை வாசலில் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றார். குளிரில் உதடு நீலம் பூத்த ஒருத்தி, அவர் யாரென்று தெரிந்துகொண்டு, இதையெல்லாம் உங்களால் எழுத முடியுமா என்று காதோடு கேட்டாள். முடியும் என்றார் அக்மதோவா. எழுதிய தாள் அகப்பட்டால் சாவு. ஆகவே தோழிகள் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டார்கள். 1963-இல் மூனிச்சில்தான் அந்தக் கவிதைத் தொடர் அச்சானது, சொந்த நாட்டில் 1987-இல். மலைமேல் தேவியை நெடுங்காலம் பாடிய மரபில் வந்த கவிஞர் அவர். கடைசியில் அவருக்கு அடியெடுத்துக் கொடுத்தது வரிசையில் பின்னால் நின்ற, பேர் தெரியாத பெண்ணின் ஒரு கேள்வி. சுந்தரரிடம் இறைவன் சொன்னதும் பாரதிக்கு ஃபிஜியிலிருந்து கேட்டதும் இதே வகைதான்: அழகால் மயக்காமல், பாடு என்று கடன் சுமத்துவது.

மலேசியத் தமிழ்க் கவிதையில் அந்தக் கடனின் இடத்தில் பெரும்பாலும் தமிழே நின்றது. இதில் வியப்பில்லை. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையும் அவற்றைக் காப்பாற்றப் போராட வேண்டியிருந்தது. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகிய நாளிதழ்கள் கவிஞர்களுக்குப் பக்கம் ஒதுக்கின. புதுச்சேரியில் பாரதி முன்னிலையில் பாடி, அவர் கையாலேயே அந்தப் பாட்டு ‘சுதேசமித்திர’னுக்கு அனுப்பப்பட்டுக் கவிஞரானவர் பாரதிதாசன், அவருடைய மொழிப்பற்று மலாயாவில் காட்டுத்தீயாகப் பிடித்தது. மேடை தோறும் கவியரங்கம், கவியரங்கம் தோறும் தமிழ்த்தாய்.

இந்த மரபின் சிறந்த கனி சீனி நைனா முகம்மது எழுதிய தமிழ் வாழ்த்து. ‘உங்கள் குரல்’ இதழை நடத்தியவர், தொல்காப்பியத்தைப் பாமரருக்கும் பாடம் சொன்னவர், 2014-இல் மறைந்தவர். பிறப்பால் இஸ்லாமியர். மலேசியாவில் தமிழ் நிகழ்ச்சிகளில், கோயில் மண்டபத்தில் நடந்தாலும் பள்ளித் திடலில் நடந்தாலும், எல்லோரும் எழுந்து நின்று பாடுவது இந்த முஸ்லிம் கவிஞர் தமிழன்னையைப் பாடிய பாட்டை. கலைமகளுக்கு ஒரு மதம் உண்டு, கூத்தனூரில் கோயில் உண்டு. இந்த அன்னைக்கு அப்படி ஒரு வேலி இல்லை. மலேசியத் தமிழர்கள் தங்கள் கவிதைத் தெய்வத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வாழ்த்துவது பழகிப்போனால் கவிதை தளர்ந்துவிடும். கவியரங்கப் பாட்டுகளில் நூற்றுக்கு எத்தனை மறுநாள் நினைவில் நின்றன? தமிழே உயிரே என்று மேடையில் முழங்கிய அதே கவிஞர்களின் தாய்மார்கள் கோட்டுப்பால் நாற்றம் போகாத கையோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களைப் பற்றி ஒரு விருத்தமும் அன்றைக்குப் பாடப்படவில்லை என்றால் அது இழப்புத்தான். 1964-இல் சி. கமலநாதன் மலேசியாவின் முதல் புதுக்கவிதையை எழுதினார். யாப்பை விட்டதனால் மட்டும் அது முக்கியமாகவில்லை. மேடைத்தொனியை விட்டு இறங்கி, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கவும் குத்திக்காட்டவும் கவிதைக்கு அனுமதி கிடைத்தது. 2007-இல் ம. நவீனும் நண்பர்களும் தொடங்கிய ‘வல்லினம்’ இதழ் வரை வந்து சேரும் பாதை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதற்குள் தோட்டம் காலியாகிவிட்டது. 1990-களில் பூச்சோங்கின் ரப்பர் நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. தொழிலாளர்கள் அடுக்குமாடிகளுக்கும் வேறு ஊர்களுக்கும் சிதறினார்கள். 2016-இல் எல்.ஆர்.டி. ரயில் வந்தது. கின்ராராவும் பூச்சோங் பெர்டானாவும் பண்டார் புத்ரியும் இன்று ரயில் நிலையங்கள். கோயிலும் பள்ளியும்தான் பழைய இடத்தின் சாட்சிகள். இந்த வண்டியில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர் கைப்பேசியில் தமிழில் கவிதை தட்டுகிறார் என்றால், அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன். முரசு அஞ்சலையும், 2005-இல் கைப்பேசிக்கு வந்த செல்லினத்தையும் உருவாக்கியவர். அப்பா நூறாண்டுக் கவிதையைத் திரட்டினார், மகன் அடுத்த நூறாண்டுக்கு விசைப்பலகை கொடுத்தார். ஒரு குடும்பத்திலிருந்து ஒரு மொழிக்கு இவ்வளவு கிடைப்பது அபூர்வம்.

அந்த இளைஞருக்கு யார் அடியெடுத்துக் கொடுப்பது? பாட்டி பாடிய தாலாட்டை அவர் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. பால்மரத்தைப் பள்ளிப் பாடத்தில் பார்த்திருப்பார். தோட்டத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவது இப்போது எளிதாகிவிட்டது. தோட்டத்தில் வாழாதவர்களும் எழுதுகிறார்கள், மங்கும் உளியும் சொல்லலங்காரமாகி வருகின்றன. ஏக்கம் ஊற்றாக இருக்கலாம். ஆனால் ஃபிஜியைப் பாடிய பாரதியிடம் ஏக்கம் இல்லை. அவர் காலத்தில், அந்த நிமிடத்தில் நடந்துகொண்டிருந்ததை அவர் கேட்டார்.

இந்த நிமிடத்திலும் கேட்க முடியும். பாட்டியும் தாத்தாவும் செய்த வேலைகளை இன்று செய்கிறவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். எண்ணெய்ப்பனைக் குலை அறுப்பதும், பூச்சோங்கின் புதிய கட்டடங்களுக்குச் சாரம் ஏறுவதும் அவர்கள்தான். 2014-இல் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு கவிதைப் போட்டி நடந்தது. முதல் பரிசு பெற்றவர் கட்டுமானத் தொழிலில் இருந்த வங்காளதேசத்துக் கவிஞர் சாகிர் உசேன் கோகன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அந்தப் போட்டிக்குத் தமிழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலும் அப்படி ஒரு போட்டி நடந்தது. வங்கமொழியில் எழுதப்பட்ட அந்தக் கவிதைகளில் வீட்டை விட்டு வந்தவனின் துயரமும், ஏஜென்டுக்குக் கட்டிய பணமும், கைப்பேசியில் மட்டும் பார்க்கும் குழந்தையும் வருகின்றன. கங்காணிக்குப் பதில் ஏஜென்ட், கப்பலுக்குப் பதில் விமானம். மலேசியத் தமிழ் வாசகரைவிட இவற்றை உள்ளபடி புரிந்துகொள்ளக்கூடியவர் உலகில் யார்? நம் சிற்றிதழ்கள் பிரெஞ்சுக் கவிதைக்கும் லத்தீன் அமெரிக்கக் கவிதைக்கும் ஒதுக்கும் பக்கங்களில் கொஞ்சத்தை, அடுத்த கட்டடத்தின் சாரத்தில் நிற்பவரின் வங்கக் கவிதைக்கு ஒதுக்கலாம். பூச்சோங்கில் தமிழும் மலாயும் பேசும் வங்காளதேசத்துக் கடைக்காரர்களைத் தேடிப்பிடிப்பது கடினமில்லை. மொழிபெயர்ப்பின் முதல் வரைவை அவர்களோடு உட்கார்ந்து தொடங்கிவிடலாம்.